தப்பியோட இடம் தராத திரை

2021 ஆகஸ்ட் 7. டோக்கியோ ஒலிம்பிக்கில் 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்களுக்கான கராத்தே இறுதிப்போட்டி. சவூதி அரேபியாவின் தாரெக் ஹமீதி 4–1 என முன்னிலையில் இருந்தார். அவர் வீசிய உயர உதை பட்டு ஈரானின் சஜாத் கஞ்ச்சாதே நினைவிழந்து சாய்ந்தார். தங்கம் சாய்ந்தவருக்கே போனது. அளவுக்கு மீறித் தாக்கியதாக ஹமீதி தகுதிநீக்கம் செய்யப்பட்டு, வெள்ளியோடு திரும்பினார்.

வீடியோ கேமில் கராத்தேயைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தத் தீர்ப்பு பிடிபடாது. எதிராளி தரையில் விழுந்தால் வெற்றி என்பதுதான் அவர்கள் அறிந்த விதி.

தொடக்கத்தில் அப்படி இல்லை. 1984இல் ஆர்கேட் கூடங்களுக்கு வந்த 'கராத்தே சாம்ப்' ஆட்டத்தில் சுத்தமாக ஓர் அடி பட்டதும் நடுவர் மோதலை நிறுத்தி, அரைப்புள்ளியோ முழுப்புள்ளியோ கொடுப்பார். போட்டிக் கராத்தேயின் இயல்பு அதில் ஓரளவு இருந்தது. 1991இல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' உலகைப் பிடித்தபோது, மிச்சமிருக்கும் உயிரைத் திரையில் காட்டும் உயிர்ப்பட்டைதான் எல்லாம் என்றாகிவிட்டது. வெள்ளைச் சீருடை ரியூ எத்தனை குத்து வாங்கினாலும், பட்டை தீரும்வரை அதே வேகத்தில் எழுந்து அடிப்பார்.

அவர் உள்ளங்கையிலிருந்து பாயும் ஒளிப்பந்தை எந்தக் குழந்தையும் உண்மையென்று நம்பப் போவதில்லை. நம்பும்படி இருக்கும் பொய்களே எனக்குக் கவலை தருகின்றன. வெறும் முஷ்டியால் மண்டையில் குத்தினால், குத்தியவரின் சுண்டுவிரல் பக்கத்துக் கையெலும்பு முறிவது மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் காயம். திரையில் அந்தக் கை நூறு முறை குத்தும். திரையில் இருவரும் எதிரெதிரே நின்று, தொடங்கச் சொன்ன பிறகே மோதுவார்கள். தெருவில் தாக்குபவர் பேச்சுக் கொடுத்தபடியே நெருங்கி வந்து மணிக்கட்டையோ முடியையோ பிடிப்பார். சில நேரம் பின்னாலிருந்து. எல்லாவற்றையும்விடப் பெரிய பொய், ஓட வழியில்லை என்பது. திரையின் விளிம்பு சுவராகி ஆட்டக்காரரை மீண்டும் சண்டைக்கே தள்ளுகிறது.

கராத்தே பிறந்த ஒகினாவாவில் அதைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தவர் இதொசு அங்கோ. வம்பன் ஒருவன் எதிர்ப்பட்டால் கைகால்களைக் கொண்டு காயமின்றித் தப்புவதற்கான கலை இது, தனி எதிராளியோடு பொருதிப் பார்ப்பதற்கானது அல்ல என்று 1908இல் அவர் எழுதிவைத்தார். அவர் மாணவர் ஃபுனகோஷி கிச்சின் 1922இல் டோக்கியோவில் கராத்தேயைச் செய்துகாட்டினார். முதல் அடி நம்முடையதாக இருக்கக் கூடாது என்பதை அவர் கடைசிவரை வலியுறுத்தினார். பயிற்சியில் ஒரு கை குத்தும்போது மறுகை இடுப்புக்கு வருவதைக் கவனித்திருப்பீர்கள். எதிராளியின் கையைப் பற்றி இழுத்து நிலைகுலைக்கும் அசைவு அது என்று பல ஆசிரியர்கள் விளக்குகிறார்கள். கேம்களில் அது வெறும் அழகு.

தேவைக்கு மேல் மோதாத இந்த மனநிலையைப் பிடித்த ஒரு பழைய ஆட்டம் உண்டு. யேல் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது ஜோர்டன் மெக்னர் உருவாக்கி, 1984இல் ஆப்பிள் 2 கணினிக்கு வெளிவந்த 'கராத்தேகா'. காவலர்களையெல்லாம் வென்று இளவரசி மரிகோவின் அறைக்குள் சண்டை நிலையிலேயே அடியெடுத்து வைத்தால், அவள் ஒரே உதையில் நாயகனைக் கொன்றுவிடுவாள். கைகளைத் தாழ்த்தி, சாதாரணமாகப் போனால்தான் அணைத்துக்கொள்வாள். ஆபத்து நீங்கியதும் போர்க்கோலத்தைக் களைவதும் திறமையில் சேர்ந்தது என்பதை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன ஆட்டம் வேறொன்றை நான் அறியேன்.

நம் சட்டமும் அந்த எல்லையைக் கேட்கிறது. தற்காப்பு உரிமை, காத்துக்கொள்ளத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யும்வரை நீளாது என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 37ஆம் பிரிவு. விழுந்தவரை மீண்டும் உதைக்கும் 'காம்போ'வுக்கு அதில் இடமில்லை.

ஆகவே பிள்ளையைக் கராத்தேக்கு அனுப்பும் பெற்றோர், பெல்ட்டின் நிறத்தையும் கோப்பைகளையும் விசாரிப்பதோடு நிற்காமல், பிடியிலிருந்து விடுபடும் பயிற்சி உண்டா, உரக்கக் கத்தப் பழக்குகிறார்களா, விடுபட்டதும் திரும்பி அடிக்கச் சொல்கிறார்களா, ஆட்கள் இருக்கும் பக்கம் ஓடச் சொல்கிறார்களா என்று ஆசிரியரிடம் நேராகக் கேட்க வேண்டும்.