பழைய வீட்டுக்குக் கிணற்று நீர்: குழாய்க்கு முன் கிணற்றைப் பாருங்கள்

நீண்ட காலத்தின் பின் சொந்த வளவுக்குத் திரும்பும் குடும்பங்கள் முதலில் விரும்புபவற்றுள் ஒன்று, குசினிக்குள் ஒரு தண்ணீர்க் குழாய். வாளி சுமந்து தோள் நொந்த தாய்மாருக்கு இது ஆடம்பரமல்ல. 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தவர்களுள் பலர் 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே தம் நிலத்தில் மீண்டும் கால்வைத்தனர். இவ்வாறு ஆளின்றிக் கிடந்த கிணற்றில் மோட்டாரைப் பூட்டுமுன் சில விடயங்களை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

கடலை அண்டிய மணற்பாங்கான நிலத்தில், மாரி மழையால் ஊறிய நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் இலேசானது என்பதே காரணம். கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. எனவே மேல்மட்டம் சிறிது தாழ்ந்தாலும், நாளடைவில் அடியிலுள்ள உப்பு அதைவிடப் பல மடங்கு மேலேறும். வாளியால் அள்ளியபோது ஊற்று ஈடுகொடுத்தது. மோட்டாரோ ஒரு நாளைய நீரைச் சொற்ப நேரத்தில் இழுத்துவிடும்.

இதை நமது கிழக்குக் கரை அனுபவத்தில் கண்டது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின், உப்பை அகற்றவென்று பல கிணறுகள் திரும்பத் திரும்ப இறைக்கப்பட்டன. அளவுமீறி இறைத்த இடங்களில் அடியிலிருந்து உப்பு மேலும் ஏறியது. நிலத்தைக் கழுவித் தந்தது பெரும்பாலும் மாரி மழையே.

இனிச் செய்ய வேண்டியவற்றைப் பார்ப்போம்.

முதலாவது, கிணற்றைத் துப்புரவாக்கல். கைவிடப்பட்ட கிணற்றுள் வெடிபொருள் கிடக்கலாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாது பொலிசாருக்கு அறிவியுங்கள். நச்சுக்காற்றும் தங்கியிருக்கலாம், தனியே இறங்க வேண்டாம். எண்ணெயில் ஓடும் இயந்திரத்தை ஒருபோதும் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டக்கூடாது. அதன் புகை ஆளைக் கொல்லும். சேறு எடுத்தபின், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அளவு கேட்டுக் குளோரின் இடுங்கள். மலசலகூடக் குழி குறைந்தது 50 அடி தள்ளியிருக்க வேண்டும்.

இரண்டாவது, மோட்டாரும் குழாயும். வீட்டுத் தேவைக்கு அரைக் குதிரைவலு மோட்டார் போதும். மேலே வைத்து உறிஞ்சும் மோட்டார், நீர்மட்டம் ஏறத்தாழ 20 அடிக்குக் கீழே போனால் திணறும். உறிஞ்சு குழாய் மோட்டாரை நோக்கி ஒரே ஏற்றமாகச் செல்ல வேண்டும். நடுவில் வளைந்து மேடானால் காற்று தங்கி நீர் வராது. குழாயின் நுனியிலுள்ள புட்வால்வை அடிச்சேற்றில் வைக்காமல், கோடை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். நீர் குறையும்போது மோட்டார் காற்றை இழுக்கும். அதுவே நிறுத்தச் சொல்லும் எச்சரிக்கை. காலையும் மாலையும் சிறிது நேரம் இறைப்பது, ஒரேயடியாக இறைப்பதிலும் நன்று.

மூன்றாவது, தாங்கி. 500 லீற்றர் நீர் அரைத் தொன் பாரம். ஷெல்பட்டு வெடித்த பழைய கல்வீட்டுச் சுவரிலோ கூரை மரத்திலோ அதை ஏற்றாதீர்கள். வெளியே தனித் தூண்கள் எழுப்பி வையுங்கள். குழாய்வாயிலிருந்து 10 அடி உயரம் இருந்தால் குசினிக்குப் போதிய வேகம் கிடைக்கும். பழைய இரும்புக் குழாய்கள் உட்புறம் கறள் பிடித்திருக்கும். அவற்றில் இணைக்காமல் புதிதாகப் பீ.வி.சி. குழாய் போடுங்கள். மின்வேலையைத் தெரிந்தவரிடமே கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. பங்குக் கிணறானால், மோட்டார் வாங்குமுன் பங்காளிகளுடன் இருந்து பேசி, யார் எந்நேரம் இறைப்பது என்று முடிவெடுங்கள். தனிக் கிணறானாலும், பக்கத்து வளவுக் கிணற்றுக்கும் நிலத்தடி நீர் ஒன்றே. நாம் அளவின்றி இறைத்தால் அயலவரின் பிள்ளைகளும் உப்பு நீரே குடிக்க நேரும். உடைந்த குழாயை ஒரு நாளில் மாற்றலாம். உப்பேறிய கிணற்றுக்கு மாரி வரும்வரை காத்திருக்க வேண்டும்.