கண்டற் காட்டுக் கணக்கும் கமக்காரரும்

புத்தளம், முந்தல், சிலாபம் ஆகிய களப்புகளின் கரையில் வளரும் கண்டற் காடு வெறும் விறகுக் காடன்று. அதன் வேர்கள் சேற்றைப் பிடித்துக் கரையரிப்பைக் குறைக்கின்றன. இறாலும் மீன்குஞ்சும் அவ்வேர்களிடையே வளர்கின்றன. கடற்காற்றின் வேகமும் ஓரளவு தணிகின்றது. ஆகவே, கரையோரத்தில் நெல்லும் மரக்கறியும் செய்வோர்க்கும் அக்காடு அரணாகும்.

1980களில் இறால் வளர்ப்புப் பெருகியபோது இக்காடு பல இடங்களில் வெட்டப்பட்டது. 1990களில் வெண்புள்ளி நோய் பரவியபின் பல இறாற் குளங்கள் கைவிடப்பட்டன.

நடுகை ஏன் தவறியது?

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் இலங்கைக் கரையோரங்களிற் பெருமளவில் கண்டற் கன்றுகள் நடப்பட்டன. 23 நடுகை இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வின்படி, 1,000 முதல் 1,200 ஹெக்டயரில் 200 முதல் 220 ஹெக்டயர் வரையே தேறியது. 9 இடங்களில் ஒரு கன்றேனும் எஞ்சவில்லை. நிலமட்டம் பாராது நட்டமை, நட்டபின் பராமரியாமை, மாடுகள் மிதித்தும் மேய்ந்தும் அழித்தமை, பாசி படர்ந்தமை என்பன காரணங்களாகும்.

ஆனைவிழுந்தானிற் கைவிடப்பட்ட இறாற் குளங்களில், நீரோட்டத்தை முதலிற் சீர்செய்து கண்டலை மீள வளர்க்கும் பணி அண்மை ஆண்டுகளில் மேற்கொள்ளப்பட்டது. இலங்கையின் கண்டல் மீட்புப் பணியை ஐக்கிய நாடுகள் தாபனம் 2024இல் உலக முன்மாதிரிகளுள் ஒன்றாக ஏற்றது.

கமக்காரர் குறிக்க வேண்டியன

வானிலிருந்து எடுத்த படம் காட்டின் பரப்பைக் காட்டும். மாடு செல்லும் தடத்தையும் வாய்க்கால் அடைபட்ட இடத்தையும் எளிதிற் காட்டாது. அவற்றை அறிந்தவர் ஊரவரே. ஆதலால் பின்வருவனவற்றைக் கொப்பியொன்றில் எழுதிவைத்தல் நன்று:

1. பெருக்கு நீர் ஏறும் எல்லை, வற்றும் எல்லை.
2. நின்ற மரவகைகள், பட்டுப்போன இடங்கள்.
3. நட்ட திகதி, கன்றுத் தொகை, ஓராண்டின்பின் எஞ்சிய தொகை.
4. கிணற்று நீர் உவர்த்த மாதம்.

இக்கணக்கின் ஒரு பிரதி வனப் பாதுகாப்புத் திணைக்கள அலுவலரிடமும், மற்றொன்று கமக்காரர் அமைப்பிலும் இருத்தல் வேண்டும். அவ்வாறே திணைக்களத்தின் படமும் ஊரவர் பார்வைக்கு வரல் வேண்டும்.

விபரம் கொடுத்தாற் காணி பறிபோகும் எனச் சிலர் அஞ்சுவர். ஆனால், எல்லை தெளிவாக எழுதப்படாத இடத்திலேயே பிணக்கு மிகுதியாக எழும். தவறிய நடுகையை மறைத்தலும் தகாது. ஓரூரார் கண்ட தவற்றை அடுத்த ஊரார் அறிந்தால், அவர்தம் உழைப்பும் கன்றும் வீணாகா.