தாயில்லாக் குட்டிக்குச் செல்லம் மட்டும் போதாது

பெங்களூரு வைட்ஃபீல்டில் குதிரையேற்றம் பழக நினைக்கும் நேயர்களே, அடங்கி நடக்கும் குதிரைக்கு முதல் பாடம் சொல்லித் தருவது பயிற்சியாளர் அல்ல, தாய்க்குதிரைதான். குட்டி எல்லை மீறிக் கடித்தால், தாய் காதைப் பின்னுக்கு மடக்கி மிரட்டும், தள்ளியும் விடும். திப்பு சுல்தான் காலத்திலேயே குணிகலில் குதிரைப் பண்ணை கண்ட கர்நாடகத்துக்குக் குதிரை வளர்ப்பு புதிதல்ல. ஆனாலும், இந்தக் கண்டிப்பு கிடைக்காத தாயில்லாக் குட்டி, வளர்ப்பவருக்கு இன்றும் சவால்தான்.

புட்டிப்பால் கொடுத்து அன்பாக வளர்த்தால் போதாதா என்று கேட்கலாம். பால் அவசியம்தான். பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் கிடைத்தாக வேண்டும். ஒரு நாள் கடந்துவிட்டால் அதிலுள்ள நோய் எதிர்ப்புப் பொருள்களைக் குடல் உறிஞ்சாது. பசும்பாலில் குதிரைப்பாலைவிடக் கொழுப்பு அதிகம், சர்க்கரை குறைவு. அதை அப்படியே தரக் கூடாது. ஆனால், மனிதரோடு மட்டுமே வளரும் குட்டி, மனிதரையும் தன் கூட்டாளியாக நினைத்து விளையாட்டாக முட்டும், உதைக்கும். 50 கிலோ எடையில் அது வேடிக்கை. 450 கிலோவில் எலும்பு முறியும். ஆகவே, பாலூட்டும் வேறொரு குதிரையைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் வாளியில் பால் குடிக்கப் பழக்கி, சாதுவான மூத்த குதிரையோடு சேர்த்து விடுங்கள். எதையும் கால்நடை மருத்துவரைக் கேட்டே செய்யுங்கள்.