கொரிய வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கொரிய மொழி முதலாம் ஆண்டு வகுப்பு எடுப்பவர்களுக்கு முதல் வாரத்திலேயே தலைவலி ஆரம்பித்துவிடும். ஒரு மாணவி எழுத்துகளை அச்சுக் குத்தினாற்போல எழுதுவாள். ஒரு வாக்கியம் பேசச் சொன்னால் அரை நிமிடம் யோசிப்பாள். அடுத்த நாற்காலியில் இருப்பவன் சரளமாகப் பேசுவான். ஆனால், பேராசிரியரைப் பார்த்து அவன் கேட்பது ஏறக்குறைய "சாப்ட்டியா?" என்ற ரகத்தில் இருக்கும். எழுதச் சொன்னாலோ, வரிக்கு இரண்டு பிழை.

இருவரும் கொரியன் படிக்கத்தான் வந்திருக்கிறார்கள். அவளுக்கு அது அயல்மொழி. அவனுக்கு வீட்டு மொழி. இதை மொழிக் கல்வியாளர்கள் 'மரபு மொழி' என்பார்கள். கே-பாப், கொரியத் தொடர்கள், உலகெங்கும் திறக்கப்படும் பயிற்சி மையங்கள் என்று நாம் படிக்கிற செய்திகளெல்லாம் அவளைப் பற்றியவை. அவனுடைய பிரச்சினை அதைவிடப் பழையது, சிக்கலானதும்கூட.

மரியாதை எங்கே தொலைந்தது?

கொரிய மொழியில் யாரோடு பேசுகிறோம் என்பதை வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும். நெருங்கியவர்களிடமும் சிறியவர்களிடமும் பேசுவது 'பன்மல்'. வீட்டில் அம்மா பிள்ளையிடம் "பாப் மொகொஸ்ஸொ?" என்பார். அதையே ஆசிரியரிடம் கேட்க வேண்டுமானால் "சிக்ஸா ஹஷொஸ்ஸொயோ?" என்று வாக்கியமே உருமாறும், விகுதியோடு சோற்றைக் குறிக்கும் சொல்லும் மாறிவிடுகிறது. சியோலில் வளரும் குழந்தை இந்த இரண்டாவது வடிவத்தைப் பள்ளியில், கடையில், அப்பாவின் மேலதிகாரி வீட்டுக்கு வரும்போது காதால் கேட்டே பிடித்துக்கொள்ளும். லாஸ் ஏஞ்சலிஸில் வளரும் பிள்ளைக்கு வீட்டு வாசலைத் தாண்டினால் ஆங்கிலம். அவனிடம் பேசப்பட்ட கொரியன் முழுக்க மேலிருந்து கீழே வந்தது. அதையே அவன் திருப்பிப் பேசுகிறான். இதை மரியாதைக் குறைவு என்று கோபிக்கிற பெரியவர்கள் உண்டு. உண்மையில் அவன் கேட்டிராத ஒன்றைத்தான் அவனிடம் எதிர்பார்க்கிறார்கள்.

எழுத்துப் பிழையும் காதிலிருந்து வருவதுதான். சேஜோங் மன்னர் 1443இல் உருவாக்கி 1446இல் அறிவித்த ஹங்குல் எழுத்து, 14 மெய், 10 உயிர் என்ற அடிப்படையோடு ஒரே வாரத்தில் படித்துவிடக்கூடியது. சிக்கல் எழுத்துகளில் இல்லை, எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. குழம்பின் சாற்றை 'குக்முல்' என்று எழுத வேண்டும். சொல்லும்போது புணர்ச்சியில் அது 'குங்முல்' ஆகிவிடும். புத்தகத்தில் படித்த மாணவி சரியாக எழுதிவிட்டுத் தப்பாக உச்சரிப்பாள். வீட்டில் கேட்டவன் அழகாக உச்சரித்துவிட்டு, கேட்டபடியே எழுதிவைப்பான். ஒரே சொல்லில் இருவரும் எதிரெதிர்த் திசையில் தடுக்கி விழுகிறார்கள். இவர்களுக்கு ஒரே பாடப்புத்தகம் என்றால், "இது பென்சில், அது மேசை" என்ற பாடத்தில் அவன் தூங்கிவிடுவான். அடுத்த நிலைக்கு அனுப்பினால் செய்தித்தாள் கட்டுரையின் முதல் பத்தியிலேயே மூழ்கிவிடுவான். அதனால்தான் சில பல்கலைக்கழகங்கள் இவர்களுக்கெனத் தனிப் பிரிவு வைத்து, பேச்சைத் தொடாமல் எழுத்திலும் மரியாதை வழக்கிலும் நேரத்தைச் செலவிடுகின்றன.

சனிக்கிழமைப் பள்ளிகள்

கொரியர்கள் 1903இல் ஹவாய் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலில் வந்திறங்கினார்கள். பிள்ளைகளுக்கான மொழிப் பள்ளிகள் சில ஆண்டுகளிலேயே தொடங்கிவிட்டன. அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் 1965இல் தளர்ந்த பிறகு வந்தவர்கள் அதை வார இறுதி வழக்கமாகவே ஆக்கினார்கள். பெரும்பாலும் தேவாலயத்தின் பக்கத்து அறைகளில்தான் வகுப்பு. சொற்பச் சம்பளத்துக்கோ சம்பளமே இல்லாமலோ பாடம் நடத்துவது பெரும்பாலும் அம்மாக்கள். நண்பர்கள் கால்பந்து ஆடும் நேரத்தில் பிள்ளைகள் முனகிக்கொண்டே வருவார்கள். இந்தச் சித்திரம் டொராண்டோவிலோ லண்டனிலோ வார இறுதித் தமிழ்ப் பள்ளி நடத்துபவர்களுக்குப் புதிதல்ல.

பிள்ளையை வரவழைக்க ஒரு தூண்டில் இருந்தது. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி பாடத் தேர்வுகளில் 1997இல் கொரியனும் சேர்ந்தது, மதிப்பெண்ணுக்காகவாவது படித்தார்கள். பாடத் தேர்வுகள் மொத்தமும் 2021இல் கைவிடப்பட்டதோடு அந்தத் தூண்டிலும் போயிற்று. பள்ளியிலேயே கல்லூரித் தரப் பாடம் படிக்க உதவும் ஏபி திட்டத்தில் சீனமும் ஜப்பானியமும் இருக்கின்றன, கொரியன் இல்லை. இத்தனைக்கும் நவீன மொழிக் கழகத்தின் கணக்குப்படி 2016க்கும் 2021க்கும் இடையே அமெரிக்கக் கல்லூரிகளில் பிறமொழி படிப்போர் தொகை ஏறத்தாழ 17 சதவீதம் சரிந்தபோது, கொரியன் படிப்போர் தொகை 38 சதவீதம் கூடியது. 1990களில் கொரிய வகுப்புகளை நிரப்பியவர்கள் கொரிய வீட்டுப் பிள்ளைகள். இன்றைய வளர்ச்சியில் பெரும்பங்கு வெளியாருடையது.

கொரிய அரசும் மொழியை ஒரே வாசல் வழியாக அனுப்பவில்லை. 2007இல் உலான்பாதரில் தொடங்கி இன்று 80க்கும் மேற்பட்ட நாடுகளில் இயங்கும் சேஜோங் நிறுவனங்கள் பண்பாட்டு அமைச்சகத்தின் பொறுப்பு, அவை அயலாருக்கானவை. வார இறுதிப் பள்ளிகளுக்கு உதவுவது வெளியுறவு அமைச்சகத்தின் கீழுள்ள வெளிநாட்டுக் கொரியர் முகமை. 1997 முதல் நடக்கும் ஆறு நிலைகள் கொண்ட 'டோபிக்' மொழித்திறன் தேர்வு கல்வி அமைச்சகத்தின் பிடியில். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான தனித் தேர்வு தொழிலாளர் அமைச்சகத்திடம். அந்தத் தேர்வுக்கு அடிப்படையான வேலை அனுமதித் திட்டம் 2004இல் தொடங்கியது; அதில் சேர்ந்த முதல் நாடுகளில் இலங்கையும் ஒன்று. தொழிற்சாலைக்கும் மீன்பிடிக்கும் போக நினைக்கும் அங்குள்ள இளைஞர்கள், தமிழர்கள் உட்பட, படிக்கும் கொரியனில் இலக்கியம் கிடையாது. கருவிகளின் பெயர், எச்சரிக்கைப் பலகை, மேற்பார்வையாளரின் உத்தரவு, இவ்வளவுதான். இந்த நான்கில் மிகத் தெளிவான பாடத்திட்டம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. யாருக்கு, எதற்காக என்பதில் இங்கே குழப்பமே இல்லை.

தமிழ்க் காதுக்குக் கொரியன்

ஆங்கிலம் பேசுவோர் கொரியன் கற்க 88 வாரம், 2,200 மணி நேரம் வேண்டும் என்பது அமெரிக்க வெளியுறவுத் துறைப் பயிற்சி நிறுவனத்தின் கணக்கு. தமிழருக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஹூண்டாய் ஆலை இருங்காட்டுக்கோட்டைக்கு வந்த பிறகு சென்னை வட்டாரத்தில் கொரியன் பிழைப்பு மொழியாகவும் ஆயிற்று. 2006இல் தொடங்கிய இந்திய-கொரியப் பண்பாட்டு மையமான இன்கோ உட்படப் பல இடங்களில் வகுப்புகள் நடக்கின்றன. அந்தக் கணக்கு நமக்குப் பொருந்தாததற்குக் காரணம் மொழியின் அமைப்பு: வினை கடைசியில் வருவதும், வேற்றுமை உருபுபோல ஒட்டுகள் பெயரின் பின்னால் சேர்வதும் நம்மவருக்குப் பழகிய நடை. ஒரே எழுத்து சொல்லின் தலையில் வல்லோசையாகவும் நடுவில் மெல்லிய ஒலியாகவும் வருவது 'கடல்', 'அகம்' சொல்கிறவருக்கு விளக்க வேண்டாதது. ஆங்கிலேயர்கள் திணறும் ஓர் உயிரொலி, 'காது', 'பாட்டு' என்பவற்றின் கடைசியில் நாம் போகிறபோக்கில் சொல்லும் குற்றியலுகரம்தான்.

நாம் மாட்டிக்கொள்வது வேறிடத்தில். நிலா, மகள், முகமூடி ஆகிய மூன்றுக்குமான கொரியச் சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றுமே 'தல்'. ஒன்று சாதாரண த, ஒன்று 'பத்து'வில் வருவதுபோல இறுகிய த, மற்றது மூச்சுக்காற்றோடு வரும் த. இறுகிய ஒலியைச் சொல்லின் தலையிலேயே வைத்துச் சொல்ல நம் நாக்குக்குப் பழக்கமில்லை. அம்மா, அப்பா ஒற்றுமையைக் காட்டி தமிழும் கொரியனும் ஒரே குடும்பம் என்று பரவும் காணொளிகளை ஓரமாக வைத்துவிடலாம். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதினார். மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்கவில்லை. இலக்கண ஒற்றுமை வகுப்பில் உதவும், அவ்வளவே.

பாட்டியின் கொரியன் எது?

மரபு மொழி என்றதும் வீட்டில் பேசுவதும் பள்ளியில் சொல்லித்தருவதும் ஒன்றே என்று நினைத்துவிடுகிறோம். மத்திய ஆசியாவில் அது நடக்கவில்லை. 1937இல் ஸ்டாலின் அரசு, சோவியத் தூரக் கிழக்கிலிருந்த சுமார் 1,72,000 கொரியர்களை ரயிலேற்றி கஜகஸ்தானிலும் உஸ்பெகிஸ்தானிலும் இறக்கிவிட்டது. அடுத்த ஆண்டே அவர்களுடைய பள்ளிகள் ரஷ்ய மொழிக்கு மாறின. 1923இல் விளாதிவோஸ்டோக்கில் பிறந்த அவர்களின் செய்தித்தாள் பெயர் மாறி மாறி, இன்றும் 'கொரியோ இல்போ'வாக வருகிறது. வீடுகளில் மிஞ்சியது 'கொரியோமல்' என்ற பேச்சு. அதன் வேர் வடகோடியிலுள்ள ஹாம்கியோங் வட்டார வழக்கு. அதில் ரஷ்யச் சொற்களும் தாராளமாகக் கலந்தன. சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு தென்கொரியாவிலிருந்து ஆசிரியர்கள் புத்தகங்களோடு வந்தார்கள். அவர்கள் சொல்லித்தந்தது சியோல் கொரியன். பேரன் அதைப் படித்துவிட்டு வந்து பேச, பாட்டிக்குப் பாதி புரியவில்லை. பாட்டி பேசுவது அவன் புத்தகத்தில் 'தவறு'. மீட்கப் போன மொழியை மீட்புப் பணியே ஓரங்கட்டியது. சியோல் வழக்குதான் வேலையும் படிப்பும் தரும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால், பாட்டியின் பேச்சைப் பிழை என்று திருத்தாமலே அதைச் சொல்லித்தந்திருக்கலாம்.

வீட்டில் கொரியன் கேட்கவே வாய்க்காத மரபு மொழிக்காரர்களும் உண்டு. கொரியாவில் பிறந்து, 1950களிலிருந்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் தத்துக் கொடுக்கப்பட்டவர்கள் சுமார் இரண்டு லட்சம் பேர். அவர்களில் பலர் நாற்பது வயதில், பெற்ற தாயைத் தேடும் முயற்சியின் ஒரு பகுதியாக முதல்முறை கொரியன் வகுப்புக்கு வருகிறார்கள். முகத்தைப் பார்த்து 'இவருக்குத் தெரிந்திருக்கும்' என்று வேகமாகப் பேசும் ஆசிரியர் ஒருபுறம். டேனிஷ் குடும்பப் பெயரைப் பார்த்து வெளியார் என்று முடிவுகட்டும் அலுவலகம் மறுபுறம். இவர்களுக்கு வேண்டியது முதல் பாடம்: எழுத்து, ஒலி, வணக்கம். அவசரமாக வேண்டியது எந்த முதல் பாடத்திலும் இல்லாதது: வயதான, முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணோடு பெற்ற பிள்ளையாகப் பேசும்போது எந்த வினைமுற்றைப் பயன்படுத்துவது என்பது.