உங்களுக்குத் தெரியுமா? ரோமின் சின்னங்கள் கைமாறிய கதை

● ரோமக் குடியரசில் உயர் ஆட்சியாளரான கான்சல் வெளியே கிளம்பினால் முன்னால் 12 சேவகர்கள் நடப்பார்கள். ஒவ்வொருவர் தோளிலும் தோல்வாரால் இறுக்கிய கோல்கட்டு. கோல், அடிப்பதற்கு. நடுவில் செருகிய கோடரி, தலையை வெட்டுவதற்கு. ஆனால் ரோம் நகர எல்லைக்குள் கோடரியைக் கழற்றிவிட வேண்டும். குடிமகனின் உயிரைப் பறிக்கும் அதிகாரம் அங்கே கான்சலுக்குத் தனியாகக் கிடையாது. தண்டனை பெற்றவர் மக்களிடம் முறையிடலாம். அதிகாரத்தையும் அதன் வரம்பையும் ஒரே சின்னத்தில் ஊரறியக் காட்டிய இந்த ஏற்பாட்டை வியக்காமல் இருக்க முடியவில்லை.

● 1922 மே மாதம் வாஷிங்டனில் திறக்கப்பட்ட நினைவகத்தில், லிங்கன் கைவைத்து அமர்ந்திருக்கும் நாற்காலியின் முன்பக்கத்தில் அதே கோல்கட்டைச் செதுக்கியிருக்கிறார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் இத்தாலியில் ஆட்சியைப் பிடித்த முசோலினியின் கட்சிச் சின்னமும் அதுதான். வாஷிங்டனில் அதன் பொருள் மாநிலங்களின் ஒற்றுமை. இத்தாலியில் ஒற்றைத் தலைவரின் பிடி.

● லிங்கன் நினைவகத்தைச் சுற்றி, கிரேக்கக் கோயில் பாணியில் 36 தூண்கள். அவர் இறந்தபோது அமெரிக்காவின் மாநிலங்கள் 36.

● அமெரிக்க நாடாளுமன்றக் குவிமாடத்தின் உச்சியில் ‘சுதந்திரம்’ என்ற வெண்கலப் பெண் நிற்கிறாள். ரோமில் விடுதலையான அடிமைகள் அணிந்த தொப்பியை அவளுக்கு வைக்க நினைத்தார் சிற்பி தாமஸ் கிராஃபர்ட். கட்டுமானத்தை மேற்பார்த்த போர்த்துறைச் செயலர் ஜெஃபர்சன் டேவிஸ் ஒப்பவில்லை. அமெரிக்கர்கள் சுதந்திரமாகவே பிறந்தவர்கள், அந்தத் தொப்பி அவர்களுக்குப் பொருந்தாது என்பது அவர் வாதம். அவரோ பல அடிமைகளின் எஜமானர்! தொப்பி போய், கழுகுத் தலையும் இறகும் வைத்த தலைக்கவசம் வந்தது.

சிலையை வார்த்த பட்டறையில் பிலிப் ரீட் என்ற அடிமை வேலை செய்தார். பிளாஸ்டர் மாதிரியின் இணைப்புகள் எங்கே என்று தெரியாமல் மற்றவர்கள் விழித்தபோது, கப்பி போட்டு மேலே இழுத்து, விரிசல் காட்டிய இடத்தில் பிரித்துக் கொடுத்தவர் அவர் என்கிறார்கள். வாரநாள் கூலி எஜமானருக்குப் போனது. அச்சுகளுக்கு அடியில் தீ அணையாமல் காத்த 33 ஞாயிற்றுக்கிழமைகளுக்கு 41 டாலர் 25 சென்ட் மட்டும் அவர் கைக்கு வந்தது. 1862 ஏப்ரலில் வாஷிங்டனில் அடிமைமுறை ஒழிந்தது. 1863 டிசம்பர் 2-இல் சிலை உச்சிக்கு ஏறியபோது ரீட் சுதந்திர மனிதர். டேவிஸ், அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் அதிபர்.

● ரோமின் பாந்தியன் கோயில் குவிமாடத்தின் விட்டம் 43 மீட்டர். பெர்லினில் அதே பாணியில் 250 மீட்டர் குவிமாடம் எழுப்ப ஹிட்லர் ஆசைப்பட்டார். வரைந்து கொடுத்தவர் ஆல்பர்ட் ஷ்பேர். ஷ்பேரின் பிரம்மாண்டக் கட்டடங்களை பெர்லின் மண் தாங்குமா என்று சோதிக்க 1941-இல் 12,650 டன் கான்கிரீட் உருளை ஒன்றை நிறுத்தினார்கள். சில ஆண்டுகளில் அது ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் மண்ணுக்குள் இறங்கியது. அந்தக் குவிமாட மண்டபம் கட்டப்படவே இல்லை. உருளை இன்னும் அங்கேயே இருக்கிறது.

● டெல்லியில் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் ஐரோப்பியத் தூண்வரிசைக்கு மேல் சாஞ்சி தூபியை நினைவூட்டும் குவிமாடத்தை வைத்தார். வைஸ்ராய்க்காகக் கட்டிய அந்த மாளிகைதான் இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகை. முன்பு ராஜபாதை எனப்பட்ட சாலையில் எங்கிருந்து பார்த்தாலும் அது தெரிய வேண்டும் என்பது லட்யன்ஸின் கனவு. கூட்டாளி ஹெர்பர்ட் பேக்கரின் செயலகக் கட்டடங்களுக்கு நடுவே ஏறும் சாலைச் சரிவு அதைக் கெடுத்தது. சரிவின் அடியில் உள்ள விஜய் சவுக்கில் நின்றால் மாளிகையின் பெரும்பகுதி மேட்டுக்குப் பின்னால் மறைந்துவிடும். சரிவைக் குறைக்கச் சொல்லி லட்யன்ஸ் ஆண்டுக்கணக்கில் போராடினார். பலிக்கவில்லை.