சாணைக்கல்லை மாட்டும் முன் தட்டிப் பாருங்கள்

சங்ககிரிப் பகுதியில் லாரிப் பட்டறைகளில் மட்டுமே இருந்த பெஞ்ச் கிரைண்டர் இப்போது தோட்டத்துச் சாளைகளுக்கும் வந்துவிட்டது. மண்வெட்டி, கொடுவாள், சோளத்தட்டு வெட்டும் மெஷினின் பிளேடு எல்லாவற்றையும் வீட்டிலேயே தீட்டிக்கொள்ளலாம். நல்ல வசதிதான். ஆனால் அதில் சுற்றுவது இரும்பல்ல, கல். அது உடையும்.

6 அங்குலக் கல் நிமிடத்துக்குச் சுமார் 2,850 முறை சுற்றும்போது, அதன் விளிம்பின் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். சேலம்-கோவை நெடுஞ்சாலையில் லாரி போகும் வேகம் அது. கல் உடைந்தால் துண்டுகள் அந்த வேகத்தில்தான் முகத்துக்கு வரும்.

ஆகவே புதுக்கல்லை மாட்டும் முன், சந்தையில் மண்பானை வாங்குவதுபோலத் தட்டிப் பாருங்கள். நடு ஓட்டையில் விரலை விட்டுத் தொங்கவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் விளிம்பை ஒட்டி நான்கு இடங்களில் மெதுவாகத் தட்டவும். ‘கிண்’ என்று கேட்டால் நல்ல கல். ‘டப்’ என்று மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல் இருக்கலாம்; மாட்ட வேண்டாம். கீழே விழுந்த கல்லையும் இப்படிச் சோதிக்காமல் ஓட்டக்கூடாது. பட்டறையில் கழித்த பழைய கல்லை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. கல்லின் மேல் அச்சிட்டுள்ள சுற்று வேகம், மோட்டாரின் வேகத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகே கல்லைக் கழற்றவும். இடது பக்க நட்டுக்கு மரை தலைகீழ். வலமாகத் திருப்பினால்தான் கழலும். கல்லின் இருபுறமும் உள்ள காகித வாஷரைத் தூக்கி எறியாதீர்கள். மாட்டிய பின் பக்கவாட்டில் நின்றுகொண்டு ஒரு நிமிடம் சும்மா ஓடவிடவும்.

பலரும் கவனிக்காதது, கருவியைத் தாங்கும் ரெஸ்ட் தகட்டுக்கும் கல்லுக்கும் உள்ள இடைவெளி. இது 3 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. கல் தேயத் தேய இடைவெளி அகலும். அரிவாளின் நுனி அதற்குள் சிக்கினால் கல் நொறுங்கும். மெஷினை நிறுத்திவிட்டு 3 மி.மீ. டிரில் பிட்டை நுழைத்துப் பாருங்கள். தாராளமாகப் போனால் தகட்டை உள்ளே தள்ளி இறுக்கவும்.

கல்லின் முன்முகத்தில் மட்டும் தீட்டவும், பக்கவாட்டில் வேண்டாம். அலுமினியம், பித்தளை தீட்டினால் கல்லின் துளைகள் அடைத்துச் சூடேறும். பளபளப்பாகிவிட்ட கல்லை டிரெஸ்ஸர் கொண்டு சீவினால் மீண்டும் வெட்டும். கருவியை அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள். முனை நீலநிறமானால் கொல்லர் கொடுத்த துவைச்சல் போய்விட்டதென்று பொருள். கல்லின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

துண்டு, முந்தானை, துணிக் கையுறை எதுவும் அருகில் வரக்கூடாது. தட்டுப் போருக்குப் பக்கத்தில் மெஷினை வைத்தால் தீப்பொறி போதும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் சுவிட்சைத் தொட வேண்டாம். அதையும் மீறிக் கண்ணில் இரும்புத்தூள் பட்டால் கசக்காமல், துணி நுனியால் எடுக்க முயலாமல், அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். உறுத்தல் குறைந்துவிட்டது என்று விட்டால், உள்ளே தங்கிய இரும்பு துருப்பிடித்துப் பார்வையைக் கெடுக்கும்.