கையில் சேரும் ரொக்கம்

பேராக் ரப்பர்த் தோட்டங்களில் முன்னாளில் பலருடைய கூலியைக் கடைப்பற்றே விழுங்கிற்று. தோட்டங்கள் செம்பனையாகவும் வீட்டுமனையாகவும் மாறியபின், ஈப்போ சுற்றுவட்டாரத்தில் குடியேறியோர்க்குக் கூலியும் நிலையற்றதாயிற்று.

2012இல் மலேசிய அரசு, மாத வருமானம் 3,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத குடும்பங்களுக்குப் 'பிரிம்' என்னும் பெயரில் 500 ரிங்கிட் ரொக்கமாக வழங்கிற்று. இன்றைய ரஹ்மா உதவித்தொகை அதன் வழிவந்ததே. ரொக்கத்தின் சிறப்பு யாது? பள்ளி வேன் கட்டணமா, மருந்தா, பழைய கடனா, எதனை முதலில் தீர்ப்பது என்பதைக் குடும்பமே முடிவு செய்யும். மைகாட் அட்டையில் ஏற்றப்படும் 'சாரா' உதவியோ குறிப்பிட்ட பொருள்களுக்கு, பதிவுபெற்ற கடைகளில் மட்டுமே செல்லும். அரிசி கிட்டும், வேன்காரருக்குக் கொடுக்க உதவாது. கடை தொலைவிலிருப்பின் போக்குவரத்துச் செலவு வேறு!

ரொக்கம் குடிக்கே போய்விடும் என்பாரும் உளர். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த உலக வங்கியின் 2014ஆம் ஆண்டுக் கட்டுரையில் அக்கூற்றுக்கு ஆதாரம் கிட்டவில்லை.